தள்ளிவந்தார் வீட்டுக் கார்

எங்கள் ஊர்களில் பட்டப்பெயர் இல்லாத வீடு இல்லை. சாய்ந்தமருதில் ஒருவருடைய அடையாள அட்டைப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் தெருவே முழிக்கும். பட்டப்பெயரைச் சொன்னால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் வாசலில் விட்டுவிட்டு, அந்தப் பெயர் வந்த கதையையும் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். என் கணவருக்குக் கிடைத்த பெயர் 'தள்ளிவந்தார்'.

அவர் மருதமுனைக்காரர், தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெண் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அவரும் அப்படித்தான் வந்தார். பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்து, காரில் ஏற்றி, ஆண்கள் முன்னும் பின்னும் நடக்க, நடை வேகத்தில் மாப்பிள்ளையைப் பெண் வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவது வழக்கம். கூலிக்குப் பிடித்த அந்தக் கார் எங்கள் வாசலுக்கு இரண்டு வீடு முன்னால் இருமி நின்றது. நின்றது நின்றதுதான். கடைசியில் கூட்டாளிமார் காரின் பிடரியில் கை கொடுத்துத் தள்ள, உள்ளே கோட்டும் தொப்பியுமாக மாப்பிள்ளை நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க, கார் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது. குரவை போட நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் ஒரு குரவையும் ஒழுங்காக வரவில்லையாம். மருதோண்டிக் கையோடு உள்ளே இருந்த எனக்குச் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அன்றிலிருந்து கடையில், பள்ளியில், வயலில் எங்கும் அவர் தள்ளிவந்தார். எங்கள் ஒரே மகன் தள்ளிவந்தார் மகன்.

அந்த மகனுக்கு அட்டாளைச்சேனையில் பெண் பேசி நாளும் குறித்த அன்றைக்கே நான் அறிவித்துவிட்டேன்: மாப்பிள்ளைக் காரை நான்தான் ஓட்டுவேன்.

எனக்கு என் நியாயம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் மகனை அனுப்புகிற தாய், வீட்டு வாசலில் நின்று கையைக் காட்டுவாள். பிறகு பெண்களோடு வேனில் ஏறிப்போய், மகன் இனி வாழப்போகிற வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து மஞ்சள் சோறு தின்றுவிட்டு வருவாள். எனக்கு அந்தச் சோறு இறங்காது. அவனைப் பாலர் பாடசாலைக்கு ஓட்டியது நான். டியூஷனுக்கு ஓட்டியது நான். ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்துக்குப் படுக்கையும் பெட்டியுமாகக் கொண்டுபோய் இறக்கியதும் நான். கடைசி ஓட்டத்தை மட்டும் முகம் தெரியாத ஒரு சாரதியிடம் கொடுப்பேனா?

ஓட்டுகிற கார் எது என்பதிலும் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. எங்கள் பழைய ஜப்பான் கார். வாங்கும்போது வெள்ளை, இப்போது பால் தேத்தண்ணி நிறம். மகன் தவழ்கிற காலத்தில் வீட்டுக்கு வந்தது.

"உனக்கு விசரா புள்ள?" என்றார் என் மூத்த காக்கா, கூடப்பிறந்த பெரிய அண்ணன். நாவிதன்வெளியில் வயலும் கல்முனையில் அரிசிக் கடையும் வைத்திருப்பவர். குடும்பத்தில் யாருக்குக் கலியாணம் என்றாலும் தளபதி அவர்தான். "மாப்பிள்ளட உம்மா கார் ஓட்டிட்டு வாறதா? அட்டாளைச்சேனையாக்கள் என்ன சொல்லுவாங்க?"

"ஓட்டத் தெரிஞ்ச பொம்புள என்டு சொல்லுவாங்க."

"அத உடு. அந்தக் கார் ஒரு எடத்துல ஒழுங்கா நிக்கிதா? ஏறுது, எறங்குது, டக்கென்டு மௌத்தாப் போகுது. ஊர்வலத்துல நின்டுட்டா என்ட மருமகனுக்கு என்ன பேரு வரும் என்டு யோசிச்சியா?"

யோசித்திருந்தேன். தள்ளிவந்தார் மகன் தள்ளிவந்தான். அட்டாளைச்சேனையில் அவன் பேரப்பிள்ளைகள் வரைக்கும் அது போகும்.

காக்கா சொன்னதில் பிழை இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். எஞ்சினைப் போட்டுவிட்டு எதையும் மிதிக்காமல் விட்டால், கார் நின்ற இடத்தில் ஒரே சீராக உறுமிக்கொண்டிருக்க வேண்டும். கராஜ்காரர்கள் அதை ஐட்லிங் என்பார்கள். எங்கள் காருக்கு அதுதான் இல்லை. காலையில் குளிரில் போட்டால் பூனை மாதிரி இருக்கும். சூடேறியதும் தொடங்கும் கூத்து: உறுமல் ஏறும், இறங்கும், திரும்ப ஏறும், பிறகு தொண்டையில் முள் குத்திய மாதிரி ஒரு விக்கல், அவ்வளவுதான். ஓட்டத்தில் ஒரு குறையும் தெரியாது. அக்கரைப்பற்றுக்குப் போ என்றால் பறக்கும். மெல்லப் போ என்றால்தான் செத்துவிடும். மாப்பிள்ளை ஊர்வலம் முழுக்க மெல்லப் போவதுதானே!

கடைசியில் ஒரு உடன்பாடு வந்தது. கலியாணம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன் கார் சீராக உறுமி நின்றால் நான் ஓட்டலாம். இல்லாவிட்டால் காக்கா பேசி வைத்திருக்கிற வெள்ளைக் கார் வரும், சாரதியோடு.

முதல் வைத்தியர் என் கணவர். அவருடைய வைத்தியம் ஓர் ஆணியில் தொடங்கி அந்த ஆணியிலேயே முடியும். பெட்ரோலும் காற்றும் கலக்கிற காபரேட்டரின் பக்கத்தில் ஒரு சின்ன ஆணி இருக்கிறது. அதை முறுக்கினால் உறுமல் கூடும். அவர் முறுக்கினார். உறுமல் கூடியது. கார் நிற்கவே இல்லை. "பாத்தியா?" என்று சாரனில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அப்படியென்றால் ஒத்திகை பார்ப்போம் என்றேன். ஊருக்குள் பார்த்தால் மானம் போகும் என்று நாவிதன்வெளி வயல் வீதிக்குப் போனோம்.

பின் ஆசனத்தில் மகன். "மாப்பிள்ள மாதிரி இரி மனே, போனப் பாக்காத," என்று அதட்டிவிட்டு முதல் கியரைப் போட்டேன். ஊர்வலக் கூட்டமாக நடிக்க இவர் ஒருவர்தான் இருந்தார். காருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு கம்பீரமாக நடந்தார். நான் கிளட்சை விட்டேன். ஆணி முறுக்கிய எஞ்சின், நான் ஒன்றையும் மிதிக்காமலே, நடை வேகத்தைத் தாண்டிவிட்டது. இவர் நடையைக் கூட்டினார். கார் இன்னும் கிட்டப் போனது. இவர் சாரனை மடித்துக் கட்டி ஓடத் தொடங்கினார். எதிரே உழவு மெஷினில் வந்த ஒருவர் நிறுத்திவிட்டு, "என்ன காக்கா, கார் உங்கள வெரட்டுதா?" என்று கேட்டார்.

"பிரேக் புடி புள்ள!" என்று இவர் கத்த, எனக்கு வந்த சிரிப்பில் பிரேக் எது, கிளட்ச் எது என்று மறந்துபோனது. பின்னால் மாப்பிள்ளை ஆசனத்தில் சரிந்து விழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். இந்த வேகத்தில் ஊர்வலம் போனால் கலியாணத்துக்கு வந்த சனமெல்லாம் மரதன் ஓடித்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். ஆணியைத் திரும்பத் தளர்த்தினோம். கார் விக்கி நின்றது. ஆணியால் வருத்தத்தை மறைக்கலாம், மாற்ற முடியாது என்று அந்த வயல் வீதியில் எங்களுக்குத் தெளிவாகியது.

இரண்டாவது வைத்தியர் கல்முனையில் கராஜ் வைத்திருக்கிற பாஸ். நல்ல மனிதர், ஆனால் எதைச் செய்தாலும் வானொலி அறிவிப்பாளர் மாதிரி சொல்லிச் சொல்லிச் செய்வார். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார். காபரேட்டரைக் கழற்றி, கழுவி, ஊதி, பூட்டினார். "இப்பப் பாருங்க டீச்சர், அணிலுக்கு மாதிரி நிக்கும்" என்றார். அணில் எப்படி நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் கார் ஒரே உறுமலில் நின்றது, அழகாக நின்றது. எங்கள் தெரு முனை வரைக்கும்தான். சூடேறியதும் அதே ஏற்றம், அதே இறக்கம், அதே விக்கல்.

எனக்குக் கோபம் வந்தால் பொருள்களோடு சண்டை பிடிப்பேன். வகுப்பில் பிள்ளைகளிடம் காட்ட முடியாததை வீட்டில் பானை சட்டியிடம் காட்டுகிற ஆள் நான். அன்றைக்குக் கார் அகப்பட்டது. வீட்டு வளவுக்குள் கொண்டுவந்து, திரும்பப் போட்டு, பொனட்டைத் தூக்கி, காற்று வடிகட்டியின் மூடியையும் கழற்றி வைத்துவிட்டு ஏசினேன். அது ஏறி இறங்கி என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரியே இருந்தது. "வாய மூடு!" என்று கத்திக்கொண்டு, காபரேட்டரின் வாயை உள்ளங்கையால் பாதி பொத்தினேன்.

கார் அடங்கிவிட்டது. நிற்கவில்லை, சீராகிவிட்டது. உம்மென்று ஒரே தாளத்தில் உறுமியது. கையை எடுத்தேன், தடுமாறியது. பொத்தினேன், சீரானது. எடுத்தேன், பொத்தினேன், எடுத்தேன், பொத்தினேன். முற்றத்தில் நான் குதித்த குதிப்பைப் பார்த்துக் குசினியிலிருந்து இவர் ஓடிவந்தார்.

"காத்து! காத்து கூடிப்போச்சு!" என்று கத்தினேன். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். எஞ்சினுக்குப் பெட்ரோலும் காற்றும் ஓர் அளவில் கலந்து போக வேண்டும். வாயைப் பொத்தினால் குணமாகிறது என்றால் காற்று மிஞ்சிவிட்டது என்றுதான் அர்த்தம். வாயால் போகிற காற்று அளவோடுதான் போகும். ஆகவே, எங்கோ பின்கதவால் கள்ளக் காற்று நுழைகிறது. எங்கோ ஓர் ஓட்டை.

"ஓம் டீச்சர், காத்து இழுக்குது," என்று ஒத்துக்கொண்டார் பாஸ். "எவடத்தாலயென்டுதான் புடிபடுதில்ல." ஓடுகிற எஞ்சினில் குழாய் குழாயாக, பொருத்துப் பொருத்தாக ஒரு திரவத்தை விசிறிப் பார்த்தார். ஓட்டையில் பட்டால் உறுமல் மாற வேண்டும், எங்கும் மாறவில்லை. கை போகாத இடத்துக்கு விசிறலும் போகாது. தன் போனில் ஒரு படம் காட்டினார். ஏதோ ஒரு நாட்டில், எஞ்சினுக்குள் புகையை ஊதுகிறார்கள். ஓட்டை இருக்கிற இடத்தால் புகை தானாக வெளியே வருகிறது. "இந்த மெசின் நம்மட பக்கத்துல ஒருத்தருக்கிட்டயும் இல்ல டீச்சர். நான் எஞ்சினக் கழட்டித்தான் பாக்கணும். கலியாணம் முடியட்டும்."

அது வியாழக்கிழமை. கலியாணம் முடிந்த பிறகு ஓட்டை எனக்கு எதற்கு? காரை உருட்டாத குறையாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அஸர் தொழுதுவிட்டு, வியாழன் பொழுதுபட்டால் எங்களுக்கு வெள்ளி இரவு, வீட்டுக்குப் புகை காட்ட வேண்டுமே என்று சிரட்டைக் கரியைப் பற்றவைத்து, சாம்பிராணியைத் தூவி, சட்டியை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போனேன். மகனுடைய அறை பூட்டிக் கிடந்தது. கலியாணச் சாமான்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. நான் வெளி விறாந்தையில், அதன் கதவும் ஜன்னலும் தெரிய நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, புகை கதவின் கீழ் நுழைந்து, உள்ளே சுற்றி, ஜன்னல் சட்டத்தில் நான் இதுவரை கண்டிராத ஒரு வெடிப்பால் முற்றத்துக்கு வந்தது.

சட்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். "மனே! இஞ்ச வா! கெதியா வா!"

மெசின் நம் பக்கத்தில் இல்லையாம். வியாழன் தோறும் ஊரில் எந்த வீட்டில் இல்லை!

பலகாரம் போடுகிற பெரிய டின் ஒன்றில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டோம். ஒன்றில் சைக்கிள் பம்ப். மற்றதில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற நீளக் குழாய். தணலும் சாம்பிராணியும் டின்னுக்குள். "பெட்ரோல் வண்டி உம்மா! நெருப்பு!" என்று மகன் தலையில் கை வைத்ததால், எஞ்சினை நன்றாக ஆறவிட்டு, டின்னைக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தோம். குழாய் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம். இவர் நனைத்த சாக்கோடு டின்னுக்குக் காவல். குழாயின் மறுமுனையைக் காபரேட்டர் வாயில் வைத்து, சொப்பிங் பேக்கால் மூடி, றப்பரால் இறுக்கினேன். புகை உள்ளே போக வழி திறந்திருக்க வேண்டும் என்று அக்ஸிலேட்டரில் ஒரு செங்கல்லை ஏற்றி வைத்தேன். இன்னும் மூன்று நாளில் மாப்பிள்ளையாகப் போகிறவன் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு பம்ப் அடித்தான்.

எங்கள் தெரு, சாம்பிராணி போட்டு நபி புகழ் ஓதுகிற மௌலூது வீடாக மணத்தது. பக்கத்து வளவுப் பெண் மதிலுக்கு மேலால் தலையை நீட்டினாள். குழாய், டின், பம்ப், பொனட் திறந்த கார் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தாள்.

"காருக்கா ஓதுறீங்க ராத்தா?"

"ஓம்," என்றேன். வேறு என்ன சொல்ல?

"கண்ணூறுதான். நானும் நெனச்சன். தேசிக்கா ஒண்டு தரட்டா?" என்று எலுமிச்சம்பழம் எடுக்க உள்ளே போனாள். தெருவால் போன ஒருவர் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "நார்சா எப்ப குடுப்பீங்க?" என்று கேட்டார். மௌலூது ஓதிய வீட்டில் சோற்றுப் பொதி இல்லாமல் போக அவருக்கு மனமில்லை. கலியாணத்துக்குச் செய்திருந்த பலகாரத்தில் கொஞ்சம் கொடுத்து அனுப்பினேன். சந்தோஷமாகத் துஆக் கேட்டுவிட்டுப் போனார். அந்த துஆவும் சேர்ந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஏனென்றால் அப்போதுதான் புகை வந்தது. எஞ்சினுக்குப் பின்புறம், காரின் தகட்டுச் சுவருக்கும் அதற்கும் இடையில், கையும் கண்ணும் போகாத இடுக்கிலிருந்து ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு எழும்பியது. மகன் பம்பை அடித்தால் எழும்பியது, விட்டால் படுத்தது. "அடி மனே! அடி! அடி!" என்று நான் கத்தினேன். அவன் அடித்தான். கோடு கொழுத்தது. அல்லாஹ்வே, என்ன அழகு!

மகன் முகம் வழிக்கிற கண்ணாடியைக் கொண்டுவந்து இடுக்குக்குள் நீட்டி, டோர்ச் அடித்தோம். விரல் தடிப்பில் ஒரு றப்பர் குழாய் தெரிந்தது. அதன் இடுப்பில் நெருக்கமாக, ஒரு பிசிறு இல்லாமல் நூல் சுற்றியிருந்தது. கஞ்சி போட்டு இறுக்கிய தறி நூல். எஞ்சின் சூட்டில் கஞ்சி உதிர்ந்து, நூல் தளர்ந்து, அதற்கிடையால்தான் சாம்பிராணி வந்துகொண்டிருந்தது.

நூலின் நிறம் கிளிப்பச்சையும் கத்தரிப்பூவும்.

அந்த இரண்டு நிறத்தையும் சேர்த்து ஒரு காலத்தில் சாரன் நெய்தவர் இந்தக் கரை முழுவதிலும் ஒரே ஒருவர்தான். ஒரு மனிதன் வாங்கவில்லை. மிச்ச நூல் இன்னும் எங்கள் அலமாரிக்கு மேலே கிடக்கிறது. நானும் மகனும் மெல்லத் திரும்பி, நனைத்த சாக்கோடு கிணற்றடியில் நின்றவரைப் பார்த்தோம்.

"நூல் ஊரெல்லாம் இரிக்கி," என்றார் அவர்.

"இந்த நெறத்துலயா?"

எனக்குச் சிரிப்புப் பிய்த்துக்கொண்டு வந்தது. நிற்க முடியாமல் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டேன். மருதமுனையில் பிறந்தவருக்கு உலகத்தில் உடைகிற எல்லாவற்றுக்கும் மருந்து நூல்தான். குடைக் கம்பி முறிந்தால் நூல். செருப்பு வார் அறுந்தால் நூல். என் மூக்குக் கண்ணாடியின் காலில்கூட இவர் சுற்றிய நூல் ஒன்று இருக்கிறது. ஆனால் காரின் மூச்சுக் குழாயிலுமா?

"எப்ப கட்டினீங்க?"

"பெட்ரோலுக்கு வரிசையில கெடந்தமே, அந்தக் காலம்," என்றார். "உனக்குக் காய்ச்சல், எழும்ப ஏலாது. மகனக் கெம்பஸ் சோதினைக்கு நான் கொண்டு போன நாள். நிந்தவூர் தாண்டினதும் குழாய் வெடிச்சிட்டு. அப்ப எந்தக் கடையில சாமான் இரிந்திச்சி? டிக்கில பாவு நூல் கெடந்திச்சி. கட்டினன். பிறகு மாத்துவமென்டு இருந்து மறந்துட்டன்."

"அங்க கராஜ் இல்லயா வாப்பா? ஆரையும் கூப்பிட்டுத் தள்ளியிருக்கலாமே," என்றான் மகன்.

இவர் சாக்கைப் பிழிந்தார். பிழிய அதில் தண்ணீர் இருக்கவில்லை. "வளாக வாசலுக்கு உன்னயத் தள்ளிட்டுப் போறதா?" என்றார். "அங்க நம்மட ஊருப் புள்ளைகள் எத்தின பேரு நின்டிருக்கும். அந்தப் பேரு என்னோட போகட்டும் மனே."

இத்தனை வருடமும் அந்தப் பெயரைச் சொல்லி முதலில் சிரிக்கிறவர் அவராகத்தான் இருப்பார். கடையில் யாராவது 'தள்ளிவந்தார்' என்றால் "ஓம், நான்தான்" என்று கையைத் தூக்குவார். அது அவருக்கு வலித்திருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எனக்கு அவர் மேல் அப்படி ஓர் அன்பு பொங்கியது. மகன் முன்னால் என்ன செய்வது என்று தெரியாமல், கண்ணூறு கழிக்கப் பக்கத்து வளவுப் பெண் மதில் மேல் வைத்துவிட்டுப் போன தேசிக்காயை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

வெள்ளி காலையில் பாஸ் புதுக் குழாயோடு வந்தார். நூலை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. நெசவுக்காரர் போட்ட முடிச்சு நகத்துக்கு அவிழாது. குழாயை மாட்டி, கவ்வி இறுக்கி, நாங்கள் முறுக்கியும் தளர்த்தியும் வைத்த ஆணியையும் சரியான அளவுக்குக் கொண்டுவந்து, சூடேறும் வரை ஓடவிட்டார். ஏறவில்லை. இறங்கவில்லை. ஒரே உறுமல்.

காக்கா ஜும்ஆவுக்கு வெள்ளை உடுத்து, அத்தர் பூசி, தீர்ப்புச் சொல்ல வந்தார். ஒரு கோப்பை பிளேன்டீ ஊற்றி வந்து, ஓடுகிற எஞ்சினின் வடிகட்டி மூடியின் மேல் வைத்தேன். காக்கா குனிந்து கோப்பையைப் பார்த்தார். தேத்தண்ணியின் முகத்தில் ஒரு மெல்லிய நடுக்கம் மட்டும் இருந்தது. ஒரு துளியும் சிந்தவில்லை. சுற்றி வந்து அந்தப் பக்கமாகவும் பார்த்தார். பிறகு கோப்பையை எடுத்துக் குடித்தார்.

"சீனி காணா," என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு. நான் மகனைக் கட்டிப்பிடித்தேன், பாஸுக்கு ஒரு தட்டு நிறையப் பலகாரம் கொடுத்தேன், ஜும்ஆவுக்கு இறங்கிக்கொண்டிருந்த இவரை மறித்து அவர் தொப்பியைச் சரிசெய்து விட்டேன், அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

ஞாயிறு அஸருக்குப் பிறகு அட்டாளைச்சேனைப் பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்தது. நான் வெளியே, மல்லிகைச் சரம் கட்டிய என் பால் தேத்தண்ணிக் காரில், புது அபாயாவோடு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கண்டவர்களெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் ஜன்னலில் குனிந்து, "மாப்பிள்ளட உம்மாவா? மாஷா அல்லாஹ், பாத்து ஓட்டுங்க மகள்," என்றார். எனக்குத் தலை சுற்றியது, சந்தோஷத்தில்தான்.

மகன் பின்னால் ஏறினான். முதல் கியர். கிளட்சை விட்டேன். கார் நடந்தது. நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். முன்னால் போனவர்களின் செருப்புச் சத்தத்துக்கு ஏற்ற மாதிரி, ஓர் அடி கூடாமல் குறையாமல் நடந்தது. கூட்டம் நின்றால் நின்றது, போனால் போனது. காக்கா பொனட்டுக்குப் பக்கத்தில் காதைச் சரித்துக்கொண்டு வந்தார். எங்களுக்குப் பின்னால், ஆபத்துக்கு உதவும் என்று அவர் சொல்லிவைத்த வெள்ளைக் காரும் ஊர்ந்து வந்தது.

பெண் வீட்டுத் தெருவுக்குத் திரும்புகிற இடத்தில் கூட்டம் நெரிந்து எல்லாரும் நின்றோம். காக்காவின் முகம் மாறியது. பொனட்டில் கையை வைத்தார், வெள்ளைக் காரைப் பார்த்துக் கையைக் காட்டினார், என் ஜன்னலுக்கு ஓடிவந்தார்.

"நின்டுட்டு! நான் சொன்னனா இல்லயா! எறங்கு, எறங்கு!"

நான் அக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்தேன். கார் கர்ஜித்த கர்ஜிப்பில் முன்னால் நின்ற ஆண்கள் அத்தனை பேரும் ஒரு சேரத் துள்ளினார்கள். காக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். எஞ்சின் அவ்வளவு அமைதியாக ஓடிக்கொண்டிருந்ததால் செத்துவிட்டது என்று நினைத்துவிட்டார், பாவம்.

சிரித்து முடித்துக் கண்ணாடியைப் பார்த்தேன். பின் கண்ணாடிக்கு அப்பால், காரின் முதுகோடு ஒட்டினாற்போல் இவர் நடந்து வந்துகொண்டிருந்தார். இரண்டு கைகளும் டிக்கியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் விரிந்திருந்தன. கார் விக்கினால், ஒருவர் கண்ணிலும் படும் முன் தானே தள்ளிவிடுவதற்காக, பள்ளிவாசலிலிருந்து அப்படியே நடந்து வந்திருக்கிறார்.

வாசல் வந்தது. குரவை எழும்பியது. சிரிப்பு ஒன்றும் கலக்காத, நீண்ட, முழுக் குரவை. பெண்ணின் வாப்பா வந்து பின்கதவைத் திறந்து பிடித்தார். எல்லாரும் காத்து நின்றார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

நான் ஒரு கிழமையாக இந்த எஞ்சின் நிற்கக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றவள். அதை நிறுத்துவது யார் என்று மட்டும் யோசிக்கவில்லை.

"உம்மா," என்றான் மகன் மெல்ல, காதுக்குப் பக்கத்தில். "நிப்பாட்டுங்க உம்மா. நான் எறங்கணும்."

சாவியைத் திருப்பினேன். அவன் என் தோளில் கையை வைத்து எடுத்துவிட்டு இறங்கினான். கூட்டம் அவனை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. குரவையும் அவனோடு உள்ளே போய்விட்டது. வாசலில் நானும் காரும் மட்டும். பின்னால் பெண்கள் வந்த வேன் இறக்க இடமில்லாமல் ஹோன் அடித்தது. நான் சாவியில் கையை வைத்தேன். போட்டால் ஓடும் என்று எனக்குத் தெரியும். முதல் திருப்பிலேயே ஓடும். கை திரும்ப மாட்டேன் என்றது. கண் முழுக்கத் தண்ணீர், ரோட்டே தெரியவில்லை.

ஜன்னலில் இவர் தலை வந்தது. என்னைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். கை இரண்டையும் உரசிக்கொண்டார்.

"என்ன புள்ள," என்றார், "தள்ளட்டா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "ஓம்," என்றேன். "தள்ளுங்க."

கியரை விடுவித்தேன். அவர் பின்னால் போய்க் கை கொடுத்தார். ஒரு குறையும் இல்லாத எங்கள் கார், ஒரு சத்தமும் இல்லாமல், அந்த வீட்டு வேப்பமர நிழல் வரைக்கும் உருண்டு போய் நின்றது.